ஐஓஎஸ் 26: அப்பா கண்ணுக்குத் தெரியுதா?

பொழிச்சலூர் வீட்டு மாடியிலேருந்து பேசுறேன். நடுவுல பிளேன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஏர்போர்ட் பக்கத்துலதான்.

2025 செப்டம்பர் 15 அன்னிக்கு வந்த ஐஓஎஸ் 26 பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. 18-க்கு அப்புறம் 19 எங்கேன்னு தேடாதீங்க. வர்ற வருஷத்தோட எண்ணையே ஆப்பிள் வச்சிட்டாங்க. ஐபோன் 11-லேருந்து கிடைக்கும். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வச்சிருக்கவங்களுக்கு இல்ல.

பெரிய மாற்றம் ‘லிக்விட் கிளாஸ்’. பட்டன், மெனு, நோட்டிஃபிகேஷன் எல்லாமே கண்ணாடி மாதிரி, பின்னாடி இருக்கிற படம் தெரியுது. எனக்குப் பார்த்ததுமே பிடிச்சுது.

ஆனா அப்பாவும் ஐபோன்தான் வச்சிருக்கார். கண்புரை ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகுது. சுகர் மாத்திரைக்கு ரிமைண்டர் அதுலதான் வரும். எனக்கு அழகாத் தெரியறது, அவருக்கு எழுத்தாத் தெரியணும்ல?

அதனால அவர் போன்ல அப்டேட் போட்ட கையோட செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, அதுல டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் போய் ‘ரெடியூஸ் டிரான்ஸ்பரன்ஸி’யை ஆன் பண்ணேன். எழுத்துக்குப் பின்னாடி இருந்த கண்ணாடி கெட்டியாயிடுச்சு. மாடி வெயில்ல நின்னு அப்பா படிச்சுக் காட்டினார்: “எட்டு மணி, ஒரு மாத்திரை.”

படிக்கச் சிரமமா இருக்குன்னு உலகம் முழுக்கப் பலர் சொன்னாங்க. அப்புறம் வந்த 26.1-ல, கண்ணாடியை அடர்த்தியாக்க ‘டின்டட்’னு ஒரு ஆப்ஷனும் இருக்கு.

வீட்டுப் பெரியவங்க போன்ல அப்டேட் போட்டா, அப்படியே கையில கொடுத்துட்டுப் போயிடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!