வெளிநாடு செல்லும் மருத்துவப் பிள்ளைகளுக்கு

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் சாத்தான்குளம் வட்டாரத்துப் பிள்ளை டாக்டருக்குப் படிக்க வேண்டுமானால், ஒரு காலத்தில் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது. 1965-இல் திருநெல்வேலியிலும் 2000-இல் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தபின் வழி எளிதாயிற்று. இன்று படித்து முடித்தவர்களில் பலர் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் வளைகுடா நாடுகளையும் நோக்குகின்றனர். போகலாமா, கூடாதா என்பதை அவரவர் குடும்பமும் மனச்சாட்சியும் தீர்மானிக்கட்டும். போகிறவர் அனுப்பும் இரண்டு மூன்று தாள்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். பணம் வாங்கிக்கொண்டு அதை எழுதித் தருகிறவர்களும், நண்பனுடையதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்கிறவர்களும் பெருகிவிட்டதால் இதைச் சொல்வது அவசியமாகிறது.

முதலாவது, பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் சூசை, பள்ளிச் சான்றிதழில் ஜோசப், கல்லூரியில் முன்னால் ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலே விரிந்து தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். அந்தோணி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'எச்' ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். நமக்கு இது சாதாரணம். அயல்நாட்டு அலுவலருக்கோ இவர்கள் இரண்டு ஆட்கள். ஆகவே விண்ணப்பம் எழுதுமுன் எல்லாச் சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்த வேண்டியதை அரசிதழ் மூலமோ கல்லூரி மூலமோ முதலில் திருத்துங்கள். சி.வி.யில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது, வரிசை. நாம் இங்கு எழுதும் பயோடேட்டாவில் தகப்பனார் பெயர், மதம், திருமணம், புகைப்படம் எல்லாம் இருக்கும். இங்கிலாந்துக்கு இவை வேண்டாம். தேர்ச்சிகளையும் பதிவு விவரத்தையும் மேலே எழுதி, கடைசியாகப் பார்த்த வேலையிலிருந்து பின்னோக்கி, மாதமும் வருடமும் குறிப்பிட்டு வாருங்கள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்த ஓராண்டோ, நோயுற்ற தாயைப் பராமரித்த ஆறு மாதமோ இடையில் இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கம் எதற்கு? மறைத்த இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மூன்றாவது, செய்த வேலை. இதுதான் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் உழைத்த பிள்ளை அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, பெரிய நகர மருத்துவமனையில் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்ததை அரைப் பக்கம் எழுதுகிறது! நாளொன்றுக்கு எத்தனை வெளிநோயாளிகள், எத்தனை இரவுகள் தனியே பொறுப்பில் இருந்தீர்கள், பனையிலிருந்து விழுந்தவரையும் பாம்பு கடித்தவரையும் திருநெல்வேலிக்கு அனுப்புமுன் என்ன சிகிச்சை செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதும் வேண்டும். தானே செய்தது, மேற்பார்வையில் செய்தது, உதவியது, பார்த்தது என்று நான்காகப் பிரித்தால் படிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

கிராமத்து வேலைக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கு ஒரு சான்று சொல்கிறோம். மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1976-இல் பணிக்கு வந்தார். செந்தேள் கொட்டி இறந்தவர்களின் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை உயிர் காப்பதைக் கண்டார். அவர் எழுதியவை 1982-லும் 1986-லும் இலண்டன் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். குக்கிராமத்து வேலைதான், கண்டதைக் கணக்கோடு எழுதியதால் உலகம் படித்தது.

நான்காவது, சாட்சிகள். உங்கள் வேலையை அண்மையில் நேரில் கண்ட மூத்த மருத்துவர்களின் பெயரை, அவர்கள் சம்மதம் பெற்றுக் கொடுங்கள். பேர்பெற்றவர் என்பதற்காக உங்களை அறியாதவரைக் குறிக்க வேண்டாம். வார்டில் ஒரு குறையைக் கணக்கெடுத்து, திருத்தி, மறுபடி கணக்கெடுத்திருந்தால் அதையும் சேருங்கள். 'ஆடிட்' என்று அங்கே அதை மிகவும் மதிப்பார்கள்.

தாள் எவ்வளவு நன்றாயிருந்தாலும் தேர்வுக்கு ஈடாகாது. இங்கிலாந்தில் நம் பட்டங்களுக்கிருந்த நேரடி அங்கீகாரம் 1975-இல் நின்றது. அதுமுதல் நம்மவர் பெரும்பாலோர் தேர்வு எழுதியே போகின்றனர். இன்றுள்ள பிளாப் தேர்வு இரண்டு பகுதிகள் கொண்டது. ஆங்கிலத் தேர்வும், மருத்துவக் கவுன்சிலின் நன்னிலைச் சான்றும் தேவை. அந்தச் சான்று மூன்று மாதமே செல்லும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டாம்.

கடைசியாக, உண்மை. சோலியா அலெமி என்பவர் நியூசிலாந்துப் பட்டம் பெற்றதாகப் பொய்ச் சான்று காட்டி 1995-இல் இங்கிலாந்தில் பதிவு பெற்று, ஏறத்தாழ இருபது வருடம் மனநல மருத்துவராக இருந்தார். 2018-இல் குட்டு வெளிப்பட்டது. 2023-இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அத்தோடு முடிந்ததா? அதே வழியில் பதிவு பெற்றிருந்த சுமார் 3,000 டாக்டர்களின் சான்றுகளையும் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. ஒருவர் பொய்க்கு இத்தனை பேர் பதில் சொன்னார்கள். இன்று சான்றிதழ்களைக் கொடுத்த கல்லூரியிடமே நேராகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். செய்யாத அறுவைச் சிகிச்சையைச் செய்ததாக எழுதினால், அதை நம்பி ஒருநாள் உங்களைத் தனியே மேசை முன் நிறுத்துவார்கள். அப்போது அங்கே படுத்திருப்பது ஒரு மனித உயிர்.

பிள்ளைகளே, உங்களுக்குப்பின் இவ்வூரிலிருந்து வேறு பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள். அவர்கள் தாளை அங்கே நம்பிப் படிக்கும்படி உங்கள் தாள் இருக்கட்டும். இறையாசீர் உங்களோடு இருப்பதாக.