நூல் மாறியதால் நின்ற தறி

(பவானியில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜமக்காள ஊரில் பேசுவதால் தறியிலிருந்தே தொடங்குகிறேன். நெசவாளர் நூலைத் தானே நூற்பதில்லை, வாங்கித்தான் நெய்கிறார். வழக்கமாக வரும் நூலின் பருமன் மாறிவிட்டால், தறியில் ஒரு பழுதும் இல்லாமலே வேலை நின்றுவிடும். எனக்கும் ஒரு சனிக்கிழமை அப்படி நின்றது.

ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்களில் இந்த வானொலிக்காரர்களும் உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக்கி அனுப்புவார்கள். அந்த ஒலியைக் கணினியில் கொடுத்தால், கியூஎஸ்எஸ்டிவி என்ற இலவச நிரல் அதை மீண்டும் படமாக்கும். ஒரு படம் வர ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். நிலையம் நம் வானத்தில் இருப்பதோ அதிகம் போனால் 10 நிமிடம்.

உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் தன் கைக்கருவியோடு வந்திருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், விடுமுறை நாளிலும், காலை 7 மணிக்கே வந்து நின்றார்கள். நிரலைத் திறந்தேன். திறக்கவில்லை. 'லிப்ஹாம்லிப்.எஸ்ஓ.2 கோப்பு இல்லை' என்று ஒரு வரி மட்டும் வந்தது. "சார், நேத்து நல்லா ஓடுச்சுங்களே?" என்றாள் ஒரு பெண். ஓடியது உண்மைதான். ஆனால் முந்தைய நாள் மாலை கணினி 'புதிய பதிப்புக்கு மாறலாமா?' என்று கேட்டது. நானும் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

நடந்தது இதுதான். ஹாம்லிப் என்பது வானொலிக் கருவிகளோடு கணினி பேசுவதற்கான பொது நிரல் தொகுப்பு, லைப்ரரி என்கிறோம். கியூஎஸ்எஸ்டிவியை எழுதியவர் அந்த வேலையைத் தானே எழுதாமல் இதை வாங்கிக்கொள்கிறார். ஒலியை அலை அலையாகப் பிரிக்கும் கணக்குக்கு எஃப்எஃப்டிடபிள்யூ என்ற இன்னொன்று. உபுண்டு 20.04-இல் இருந்தது ஹாம்லிப்பின் 3-ஆம் பதிப்பு; அதன் கோப்பு எண் 2. 22.04-இல் வந்தது 4-ஆம் பதிப்பு. கோப்பு எண்ணும் 4. என் நிரலோ நானே மூல நிரலிலிருந்து பழைய எண்ணுக்குக் கட்டியது.

இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. புதிய கோப்புக்குப் பழைய பெயரில் இணைப்பு கொடுத்து ஏமாற்றலாம். செய்யாதீர்கள். எண் மாறுவதே உள்ளமைப்பு மாறிவிட்டது என்று சொல்வதற்குத்தான். நிரல் திறந்துவிடும், நடுவில் கவிழும். புதிய லைப்ரரியோடு நிரலை மீண்டும் கட்டுவதே சரி. அதைவிட எளிது, லினக்ஸ் தொகுப்புக் களஞ்சியத்தில் உள்ளதையே நிறுவுவது. அங்கே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தியே வைத்திருப்பார்கள். எது காணவில்லை என்று பார்க்க 'எல்டிடி' கட்டளை போதும்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரின் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல், தனக்கு வேண்டிய ஹாம்லிப்பைத் தன்னோடே சுமந்து வருகிறது. வெளியே எது மாறினாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் ஹாம்லிப்பில் ஒரு பிழை திருத்தப்பட்டால், அந்த நிரலின் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்துக்கு இது பரவாயில்லை என்றே நினைக்கிறேன். பைத்தானில் எழுதுகிற ஆசிரியர்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் வைத்துக்கொண்டால் இதே நிம்மதி கிடைக்கும்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தக் கணினியில் எந்த நிரல், எந்தப் பதிப்பு, யார் எப்போது மாற்றினார்கள் என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். நிகழ்ச்சி உள்ள வாரத்தில் எந்தக் கணினியையும் புதுப்பிப்பதில்லை. நான் கேட்டாலும் விடமாட்டார்கள்!

அந்தச் சனிக்கிழமையைப் பாதி சொல்லி விட்டுவிட்டேன். நான் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் தமிழாசிரியை தன் கைபேசியை அந்தக் கருவியின் அருகே நீட்டி ஒலியைப் பதிவு செய்துவிட்டார். "எதுக்கும் இருக்கட்டும்னுதான் சார்" என்றார். திங்கட்கிழமை நிரலை மீண்டும் கட்டி, அந்தப் பதிவைக் கொடுத்தோம். புள்ளி புள்ளியாக, மேல்பாதி மட்டும் ஒரு படம் வந்தது. ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.