வீட்டு மின்குமிழும் தேகாரோக்கியமும்

(சங்க அங்கத்தவர் மத்தியில் நிகழ்த்திய பேச்சு)



மின்குமிழைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒருநாள் எங்கள் வீட்டில் சி.எவ்.எல். குமிழ் ஒன்றைக் கழற்றும்போது கைநழுவி விழுந்து உடைந்தது. உடனே தும்புத்தடியை எடுத்துக் கூட்டினேன். தலைக்குமேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சின்னப்பிள்ளை பக்கத்தில் நின்று விடுப்புப் பார்த்தது. நான் செய்தது அத்தனையும் பிழை என்பதைப் பின்னர் வாசித்தே அறிந்தேன்.

சி.எவ்.எல். குமிழிலும் நீண்ட ரியூப் லைற்றிலும் பாதரசம் உண்டு. அது இன்றி அவை எரியா. ஒரு குமிழில் உள்ளது 4 அல்லது 5 மில்லிகிராம் அளவே. பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானியில் இருந்ததோ ஏறக்குறைய 500 மில்லிகிராம். ஆகவே பதறவேண்டியதில்லை. ஆனால் தும்புத்தடி அந்தத் தூளைக் காற்றில் எழுப்பிவிடும். விசிறி அதை வீடெங்கும் பரப்பிவிடும். விசிறியை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் எல்லாரும் வெளியே நிற்கவேண்டும். பிறகு தடித்த மட்டையால் துண்டுகளை அள்ளி, எஞ்சிய தூளை ஒட்டும் நாடாவால் ஒற்றி, ஈரத்தாளால் துடைத்து, யாவற்றையும் மூடியுள்ள போத்தலில் அடைக்கவேண்டும். உடையாத குமிழிலிருந்து பாதரசம் வெளிவராது. 2013 இல் மினமாட்டா என்னும் ஜப்பானிய நகரின் பெயரால் ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. அதிற் சேர்ந்த நாடுகள் 2023 இல் கூடி, இவ்வகை வீட்டு விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 உடன் முடிப்பதெனத் தீர்மானித்தன. எனினும் எங்கள் வீட்டு முகடுகளிலும் சாமான் அறைகளிலும் அவை இன்னும் இருக்கின்றன.

இவ்விளக்குகளிலிருந்து ஊதாக்கடந்த கதிரும் சிறிது கசியும். 2008 இல் பிரித்தானியச் சுகாதாரப் பாதுகாப்பு முகவரகம் இதைச் சோதித்தது. சுருள் வெளியே தெரியும் குமிழுக்கு 30 சென்ரிமீற்றரிலும் கிட்ட நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்கவேண்டாம் என்று அது சொன்னது. மேசை விளக்கில் அக்குமிழைப் போட்டுத் தலையைக் குனிந்து படிக்கும் பிள்ளைக்கே இது பொருந்தும். முகட்டு விளக்குக்கு அல்ல.

தலையிடிக்குக் காரணம் வேறு. எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று அலைவதால், பழைய சோக் பூட்டிய ரியூப் லைற் செக்கனுக்கு 100 தரம் மங்கித் தெளியும். கண்ணுக்கு அது தெரியாவிட்டாலும் மூளைக்குத் தெரிகிறது. 1989 இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தத் துடிப்பில்லாத விளக்கை ஏற்றியபோது அலுவலக ஊழியரின் தலையிடியும் கண்வலியும் பாதிக்குமேல் குறைந்தன. மலிவான எல்.ஈ.டி. சிலவற்றிலும் இக்குறை உண்டு. விளக்கின்கீழ் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பென்சில் பல பென்சிலாகத் தோன்றினால் அந்த விளக்குப் படிப்பறைக்கு வேண்டாம்.

இனி எல்.ஈ.டி. விஷயத்துக்கு வருவோம். அது கண்ணைக் குருடாக்கும் என்று கதைப்பவர்கள் உண்டு. 2018 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் விஞ்ஞானக் குழு, சாதாரண பாவனையில் அப்படி நேரடித் தீங்கு உண்டென்பதற்குச் சான்றில்லை என்றது. பயப்படவேண்டியது கண்ணுக்கல்ல, நித்திரைக்கு. விழித்திரையிலே பார்ப்பதற்கன்றிப் பகலா இரவா என்று உடலுக்கு அறிவிப்பதற்கென்றே சில கலங்கள் இருப்பது 2002 இல் தெளிவாயிற்று. நீல ஒளியே அவற்றைப் பெரிதும் தூண்டுவது. 2011 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்குமுன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்த இளைஞருக்கு, நித்திரையை அழைக்கும் மெலற்றோனின் சுரக்கும் காலம் மங்கிய ஒளியில் இருந்ததைவிட ஏறக்குறைய 90 நிமிடம் குறுகியது. 1990களில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கிலே படித்த யாழ்ப்பாணத்தார் சிலர் இங்கேயும் இருக்கலாம். அவர்களுக்கு வெளிச்சம் போதாது. பரீட்சைக்குப் படிக்கும் இன்றைய தம்பி தங்கைக்கோ வெளிச்சம் மிஞ்சிவிட்டது.

கடையிலே வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் மிகுந்த வெள்ளை. 2700 என்றால் மஞ்சள். சூடு கூடிய இலக்கத்துக்குக் 'குளிர் வெளிச்சம்' என்று பெயர் வைத்தவர் யாரோ! குசினிக்கு வெள்ளை நல்லது. படுக்கையறைக்கு மஞ்சள் போதும். பின்னிரவில் படிப்பவர் முகட்டு விளக்கை அணைத்துவிட்டு, புத்தகத்தில் மட்டும் விழும்படி ஒரு மஞ்சள் விளக்கை வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். என் வீட்டிலேயே அதில் நான் வெற்றி பெறவில்லை.

ஆனால் வாலிபர்களே, இதைக் கேட்டுவிட்டு வீட்டிலே போய் எல்லா விளக்கையும் மங்கவைத்துவிடாதீர்கள். அறுபது வயதான கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குச் சேரும் ஒளியில் மூன்றிலொரு பங்குதான் சேருகிறது. அம்மம்மா அரிசியில் கல் பொறுக்குவதற்கும், அப்பப்பா பத்திரிகை வாசிப்பதற்கும் நல்ல பிரகாசம் வேண்டும். இரவில் அவர்கள் எழுந்து போகும் வழியில், படியிருக்கும் இடத்தில், நிலத்தை அண்டி ஒரு சிறு மஞ்சட் குமிழை விடியுமட்டும் எரியவிடுங்கள். அதன் ஒளி கட்டிலில் கிடப்பவர் முகத்தில் விழாதபடி, முழங்காலுக்குக் கீழே பூட்டவேண்டும்.