காயில் வர மறுக்கும்போது



விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும், அடுத்தபடியாகப் பீங்கான். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, பழைய வீடுகளின் மீட்டர் பலகையில் செருகியிருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கட்டை என்று எத்தனையோ பொருள்கள் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து போயிருக்கின்றன. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. மண் அருகிலேயே இருந்ததால் இங்கே செராமிக் தொழிற்பேட்டை வந்தது. செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசுக் கல்லூரியும் வந்தது.

அந்தப் பீங்கானின் இன்னொரு வடிவம் உங்கள் பெட்ரோல் காரின் எஞ்சினுக்குள் இருக்கிறது. ஸ்பார்க் ப்ளக்கைத்தான் சொல்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தால் கீழே மரை போட்ட இரும்பு, மேலே வழுவழுவென்று ஒரு வெள்ளைத் தண்டு. அந்தத் தண்டு பீங்கான் வகைதான். அதைக் கவ்விக்கொண்டு மேலே வர மறுக்கும் இக்னிஷன் காயிலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ப்ளக் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் அந்தச் சின்ன வேலை பெரிய செலவாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அங்கே இரும்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு நாம் கை வைக்கிறோம். ஆனால் அங்கே இருப்பதோ பீங்கான், ரப்பர், பிளாஸ்டிக்.

பழைய மாருதி 800 ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது. அதில் எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில். அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ப்ளக்குக்குத் தடித்த ஒயர். தொப்பியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். இப்போதைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அந்த ஒயர் இல்லை. ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. மாருதியின் கே-சீரிஸ் எஞ்சினாக இருந்தாலும், ஹூண்டாயின் கப்பா எஞ்சினாக இருந்தாலும், போனட்டைத் திறந்து டேப்பட் கவரின் மேலே பாருங்கள். மூன்றோ நான்கோ கறுப்புத் தலைகள் வரிசையாகத் தெரியும். அவைதாம் காயில்கள். ஒவ்வொன்றின் கழுத்தும் கீழே ஆழமான ஒரு குழிக்குள் போகிறது. குழியின் அடியில் ப்ளக். காயிலின் நுனியில் ஒரு ரப்பர் உறை, அதற்குள் ஒரு ஸ்பிரிங். ரப்பர், ப்ளக்கின் பீங்கான் தண்டை இறுகக் கவ்வியிருக்கும். ஸ்பிரிங், ப்ளக்கின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது.

ரப்பர் ஏன் அவ்வளவு இறுகக் கவ்வ வேண்டும்? பேட்டரியிலிருந்து வருவது 12 வோல்ட். காயில் அதை 20,000, 30,000 வோல்ட் வரை ஏற்றுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு ப்ளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. அவ்வளவு வோல்ட் மின்சாரம் எப்போதும் சுருக்கு வழி தேடும். ரப்பருக்கும் பீங்கானுக்கும் இடையே கொஞ்சம் தளர்வு இருந்தால் போதும், ப்ளக்கின் நுனிக்குப் போகாமல் பீங்கானின் மேற்பரப்பிலேயே ஊர்ந்து பக்கத்து இரும்புக்குப் பாய்ந்துவிடும். அப்போது வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், புல்லிங் இருக்காது, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். ஆகையால் அந்த இறுக்கம் வேண்டியதுதான். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்து, அந்த இறுக்கமே ஒட்டுதலாகிவிடுகிறது. ரப்பர் கெட்டிப்பட்டு, பீங்கானோடு ஒன்றிப்போகிறது.

சூடு மட்டும் காரணமில்லை. டேப்பட் கவர் பேக்கிங் பழசானால் ஆயில் கசிந்து குழிக்குள் இறங்கும். ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பிக்கொண்டு குழியை அடைத்துவிடும். தண்ணீர் இறங்கினால் துருப்பிடிக்கும். தண்ணீர் எப்படி இறங்குகிறது? மழை ஒரு பக்கம். ஆனால் பல வண்டிகளில் நாமேதான் இறக்குகிறோம். வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, போனட்டைத் திறந்து வைத்து, எஞ்சின் பளபளவென்று இருக்கட்டும் என்று பிரஷர் தண்ணீரை நேராக அடிக்கச் சொல்கிறோம். காயிலின் மேல் ரப்பர் வளையம் தூசியையும் சாரலையும் தடுக்கும். பிரஷர் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியும் கிடையாது. எஞ்சினை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அது போதும்.

சரி, கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். காயில் தலையில் இருக்கும் ஒயர் கனெக்டரைப் பாருங்கள். சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போயிருக்கும். பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு, ஒயரைப் பிடிக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் நாக்கு முறியும். பிறகு குழியைச் சுற்றி ஏர் அடித்துத் தூசியை விரட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

இப்போது காயிலை நேராக மேலே இழுக்கக் கூடாது. முதலில் இடமும் வலமுமாகத் திருக வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாக, திரும்பத் திரும்ப. ரப்பர் பீங்கானை விட்டுப் பிரிகிற அந்தக் கணம் கைக்குத் தெரியும். அதுவரை கல்லாக இருந்தது, சட்டென்று வழுக்கிக்கொண்டு சுழலும். அதன் பிறகு மேலே தூக்கினால் வந்துவிடும். குழிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் கடைசியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம்கூட வரும்.

திருகியும் அசையவில்லையா? எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது திருகிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் இளகும். ஆனால் ஓடவிடுவதற்கு முன் கனெக்டர்களையும் பேட்டரியையும் திரும்பப் போட்டிருக்க வேண்டும். அணைத்த பிறகு மறுபடியும் கழற்ற வேண்டும். அதற்கும் வரவில்லை என்றால் சிலிக்கான் ஸ்ப்ரேயைக் காயிலின் ஓரமாகக் குழிக்குள் இறங்கும்படி அடித்து, ஊற விடுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுகூட வாருங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே ரப்பரைக் கெடுக்கும். வேறு வழியில்லாமல் அதை அடித்தால், அந்த ரப்பர் உறையை மாற்றிவிட வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. காயில் தலைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து ஒரு பக்கமாக நெம்புவது. காயில் சாயும், அதோடு அடியில் இருக்கும் பீங்கானும் சாயும். செராமிக் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: பீங்கான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைத்தால் தாங்காது. சில நேரம் தண்டு முறிந்துவிடும். அதைவிட மோசம், முறியாமல் மயிரிழை அளவு விரிசல் விழுவது. கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் மட்டும் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

ரப்பர் பிய்ந்து பாதி குழிக்குள்ளேயே நின்றுவிட்டால் பதற வேண்டாம். ப்ளக் இன்னும் கழற்றப்படவில்லை; சிலிண்டரின் வாய் மூடித்தான் இருக்கிறது. நீள மூக்குக் குறட்டால் துண்டு துண்டாக எடுத்துவிடலாம். பீங்கான் உடைந்திருந்தாலும் அப்படித்தான். கீழே அறுகோண இரும்பு அப்படியே இருக்கும், ப்ளக் ஸ்பேனர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஸ்பேனரைப் போடுவதற்கு முன் குழியில் ஒரு துகள்கூட இல்லாமல் சுத்தம் செய்தாக வேண்டும். இதில் சமரசமே கூடாது. காரணம் இருக்கிறது. ப்ளக்கின் வெள்ளைத் தண்டு அலுமினா என்னும் பொருளால் ஆனது. மாணிக்கமும் நீலமும் இதே அலுமினாதான், நிறம் மட்டும் வேறு. இரும்பைக் கீறும் கடினம் அதற்கு உண்டு. ஒரு சில்லு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனோடு சேர்ந்து மேலும் கீழும் ஓடினால் சுவரெல்லாம் கோடு விழுந்துவிடும்.

ஆரம்ப காலத்தில் ப்ளக்குக்கு இவ்வளவு உறுதியான பொருள் கிடையாது. பாரிஸில் 1860-இல் லெனுவார் என்பவர் தம்முடைய கேஸ் எஞ்சினை மின்பொறியால் பற்றவைத்த காலத்திலிருந்து, களிமண்ணும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த சாதாரணப் பீங்கான்தான் பல ஆண்டுகள் பயன்பட்டது. எஞ்சின்களின் வேகமும் சூடும் கூடக்கூட அது வெடிக்க ஆரம்பித்தது. 1930-களில் ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தார் அலுமினாத் தூளையே 1,600 டிகிரி அளவில் சுட்டு இறுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இந்தக் கதையில் விருத்தாசலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஊர் ஜப்பானின் நகோயா. அங்கே 1904-இல் தொடங்கிய ஒரு பீங்கான் தொழிற்சாலை சாப்பாட்டுத் தட்டும் தேநீர்க் கோப்பையும் செய்தது. நொரிடாகே என்ற பெயரில் இன்றும் அந்தத் தட்டுகள் விற்கின்றன. அதன் மின்காப்புப் பிரிவு 1919-இல் தனி நிறுவனமாகி, மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர் செய்தது. அதிலிருந்து 1936-இல் பிரிந்ததுதான் என்.ஜி.கே. ஸ்பார்க் ப்ளக் நிறுவனம். சாப்பாட்டுத் தட்டில் தொடங்கிய கைப்பழக்கம் முப்பது வருடச் சொச்சத்தில் எஞ்சினுக்குள் நுழைந்தது. நம் ஊரிலும் ஜாடியும் ஃப்யூஸ் கட்டையும் செய்த கைகள் இருக்கின்றன, கல்லூரி இருக்கிறது, சூளை இருக்கிறது. அடுத்த படியை ஏறுவதற்கு முதலீடும் துணிவும் வேண்டும். அது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வண்டிக்குத் திரும்புவோம். காயில் வந்துவிட்டது, இனி ப்ளக். அதைக் கழற்றுவதற்கு எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். கழற்றிய ப்ளக்கில் பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் பழுப்பு நிற வளையம் ஒன்று இருக்கலாம். கேஸ் லீக் ஆகிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகளை இழுத்துப் படியவைத்த கறைதான் அது, பழுது இல்லை. ஆனால் பீங்கானின் நீளவாக்கில் பென்சிலால் கிழித்ததுபோல் கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் வெளியே ஊர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த ப்ளக்கோடு அந்தக் காயிலின் ரப்பரையும் மாற்ற வேண்டும்.

புது ப்ளக்கை முதலில் கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். முடிவில், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். 14 மில்லிமீட்டர் மரைக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். அதைவிடச் சன்னமான மரைக்கு இன்னும் குறைவு. வண்டியோடு வந்த கையேட்டில் சரியான அளவு இருக்கும். ரப்பர் உறையின் உள்வாயில் சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவிவிட்டுக் காயிலை இறக்குங்கள். அடுத்த முறை அது ஒட்டாது. இவ்வளவு நேரம் சொன்ன தொல்லையை வராமலே தடுக்க இந்த ஒரு விரல் கிரீஸ் போதும்.

வானொலி கேட்பவர்களுக்கென்று ஒரு செய்தி. பொறி விடும் ப்ளக் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வானொலி நிலையம்தான். பழைய வண்டி தெருவில் போனால் ரேடியோவில் கரகரவென்று கேட்கும். அதைத் தடுக்கத்தான் இப்போதைய ப்ளக்குகளின் உள்ளே, பீங்கானின் நடுவே, சுமார் 5,000 ஓம் மின்தடை வைக்கிறார்கள். பல கம்பெனிகளின் ப்ளக் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து வருவது அதற்காகத்தான். கடையில் வாங்கும்போது பழைய ப்ளக்கின் எண்ணை அப்படியே சொல்லி வாங்குங்கள். 'ஆர்' விட்டுப்போனால் ரேடியோ மட்டுமல்ல, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரும் குழம்பும்.

முடிவாக, கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காயில் சிக்கிக்கொண்டது, ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று உங்கள் மெக்கானிக் சொன்னால், பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதீர்கள். வண்டியை விட்டுவிட்டு மாலையில் வாருங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். புது ப்ளக் யார் கையிலிருந்தாவது தவறிச் சிமெண்ட் தரையில் விழுந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அதை வண்டியில் போட விடாதீர்கள். இன்னொன்று வாங்கிக் கொடுங்கள்.