குறையை மறைக்காத வியாபாரம்

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் இறையச்சத்தைக் கொண்டு உபதேசம் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

பழுது நீக்கிப் புதுப்பித்து விற்கப்படும் செல்பேசிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மிம்பரில் நின்று பேசவேண்டிய பொருளா இது என்று எவரும் எண்ண வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் மட்டுமன்றி, சிற்றூர்களின் கடைவீதிகளிலும் நாள்தோறும் இந்த வியாபாரம் நடக்கிறது. வாங்குவோரில் நம்மவர் உண்டு. விற்போரிலும் நம் பிள்ளைகள் உண்டு. ஹலாலும் ஹராமும் மிக நெருங்கி நிற்கும் இடம் இது.

சிக்கனம் இழுக்கல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவதில் எந்த இழிவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள். கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். ரஹ்மானின் அடியார்களுடைய பண்புகளை ஃபுர்கான் அத்தியாயத்தில் எண்ணிக் கூறும் அல்லாஹ், வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடைப்பட்ட நடுநிலையை அவர்களின் செலவு முறையாகக் காட்டுகிறான்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கல்லூரிக்குச் செல்லும் மகன் புதிய மாதிரிதான் வேண்டும் என்கிறான். கையில் பணமில்லாத தந்தை வட்டியோடு கூடிய தவணைக் கடனில் கையெழுத்திடுகிறார். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டு ஏமாறுவோரும் உண்டு. வங்கிக் கடனில் பூஜ்ஜிய வட்டி என்ற கருத்தே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013ஆம் ஆண்டு சுற்றறிக்கை வாயிலாகத் தெரிவித்தது. அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதன் விதிகளை ஓர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். கடன்பட்டு வாங்கும் புதிய செல்பேசியைவிட, கைப்பணத்துக்கு வாங்கும் பழைய செல்பேசி ஒரு முஃமினுக்கு எத்தனையோ மேலானது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதென்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஒரு பொருளை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்வது வீண்விரயத்தைக் குறைக்கும் செயலாகும்.

பால்மடியும் பேட்டரியும்

பழைய பொருளை விற்பது ஹலால் என்பதில் ஐயமில்லை. அதன் பழமையை மறைப்பதுதான் ஹராம். அன்றைய அரபகத்தில் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க நினைப்பவர் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவார். மடி பெருத்துக் காணும். நிறையப் பால் தரும் என்று நம்பி வாங்குபவர் ஏமாந்து போவார். இந்தச் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவர் விரும்பினால் பிராணியை வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுத்துத் திருப்பிவிடலாம் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வந்துள்ளது.

இன்று அந்த மடியின் இடத்தில் பேட்டரி இருக்கிறது. கடையில் எடுத்துக் காட்டும்போது நூறு சதவீதம் சார்ஜ் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனால் அரை நாளும் தாங்காது. எந்த லித்தியம் பேட்டரியும் பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவை இழக்கும். ஐஃபோன் 14 வரையிலான செல்பேசிகளின் பேட்டரிகள், உகந்த சூழலில் 500 முறை முழுச் சுற்று சார்ஜ் ஆனபின் முதல் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. நாளுக்கு ஒரு சுற்று என்றால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. தேய்ந்த பேட்டரியுள்ள செல்பேசியை, தேய்ந்தது என்று சொல்லி அதற்குரிய விலையில் விற்கலாம். மேலுறையை மட்டும் பளபளப்பாக்கி, புதியதைப் போன்றது என்று விற்பதோ மடியில் பாலைத் தேக்கும் வேலையேயாகும்.

உடைந்த திரையை நீக்கிப் போலித் திரை பொருத்தியிருந்தாலும், தண்ணீரில் விழுந்து எடுத்ததாயிருந்தாலும் சட்டம் இதுவேதான். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று காரணம் சொன்ன வியாபாரியிடம், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரசீதில் அச்சிட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிட்டதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அறிந்தே மறைத்த குறைக்கு அந்த ஒரு வரி மறுமையில் கேடயமாகாது.

எதற்காக வாங்குகிறார்?

நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் ஒரு நிகழ்ச்சி சிந்திக்கத் தக்கது. அவர்கள் இருந்த இடத்தில் ஒருவர் ஒட்டகம் ஒன்றை விற்றார். வாங்கியவர் ஓட்டிச் செல்லத் தொடங்கியதும் வாஸிலா (ரலி) அவர்கள் பின்னால் விரைந்து சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காக வாங்கினீரா என்று வினவினார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று எடுத்துரைத்தார்கள். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று விற்றவர் குறைபட்டுக்கொண்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் தாங்கள் அளித்த உறுதிமொழியை நினைவூட்டினார்கள்.

இறைச்சிக்கு வாங்கினால் குளம்பின் ஓட்டை ஒரு குறையல்ல. பயணத்துக்கு வாங்கினால் அதுவே பெருங்குறை. செல்பேசியும் அப்படித்தான். பேசுவதற்கு மட்டும் வாங்கும் முதியவருக்குப் பழைய மாதிரி போதும். வங்கிக் கணக்கை அதில் வைத்துப் பணம் அனுப்புபவருக்கு அது போதாது. ஏனெனில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தயாரிப்பு நிறுவனங்கள் குறிப்பிட்ட காலம் வரைதான் வழங்குகின்றன. கூகுள் 2023இல் பிக்ஸல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுகள் வழங்குவதாக அறிவித்தன. முந்தைய மாதிரிகள் பலவற்றுக்குக் காலம் இதனினும் குறைவு. இந்தக் கணக்கு மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கும் நாளிலிருந்து அல்ல. ஆகவே விற்பவர், எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். துணைக்குச் செல்லும் நண்பரும் குறையை அறிந்தால் வாய் மூடி நிற்கலாகாது.

திருட்டுப் பொருளில் உரிமை இல்லை

சகோதரர்களே! விலை மிகமிகக் குறைவாக இருந்தால் மகிழ்வதற்கு முன் அஞ்ச வேண்டும். திருடிய பொருளை விற்பவருக்கு அதில் உரிமையில்லை. உரிமையில்லாதவரிடம் பணம் கொடுத்து வாங்குவதால் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. உரியவர் வந்து கேட்டால் திருப்பித் தந்துவிட்டு, நம் பணத்துக்கு விற்றவரைத்தான் தேடவேண்டும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அறியத் தக்க காரணம் இருந்தோ பெறுவது நாட்டின் சட்டப்படியும் குற்றமாகும்.

இதை அறிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் செல்பேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். ரசீதிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்த எண் முடக்கப்பட்டதா என்பது தெரியும். தொலைந்த செல்பேசிகளை முடக்கும் வசதி 2023 மே மாதம் முதல் சஞ்சார் சாத்தி என்னும் அரசுச் சேவை வாயிலாக நாடு முழுவதும் கிடைக்கிறது. இரண்டு நிமிட வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டு, பிறருடைய பொருளைக் கையில் ஏந்தியவாறு பள்ளிவாசலுக்கு வரலாமா?

உள்ளே இருக்கும் அமானிதம்

பழைய செல்பேசியைக் கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. நம் வீட்டுப் பெண்களின் படங்களும், நண்பர்கள் நம்மை நம்பி எழுதிய செய்திகளும் அதில் இருக்கின்றன. படங்களை ஒவ்வொன்றாக அழிப்பது போதாது. அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உள்ளன. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, பின்பு முழுமையாக அழித்துக் கொடுங்கள். வெளியேறாமல் கொடுத்தால் புதியவருக்கு அந்தச் செல்பேசி பூட்டிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. கடைக்காரரே! உம்மிடம் வரும் செல்பேசியில் பிறருடைய படங்கள் எஞ்சியிருந்தால் அவை அமானிதம். பாராமல் அழிப்பது உம் மீது கடமை.

வாங்குபவரும் வரம்பு மீறக் கூடாது. மருத்துவச் செலவுக்காகச் செல்பேசியை விற்க வரும் ஏழையின் நெருக்கடியைக் கண்டு, இல்லாத குறைகளைச் சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பது அநீதி. குறையை மறைப்பதும் பொய். இல்லாத குறையைக் கற்பிப்பதும் பொய்.

விலையும் பரக்கத்தும்

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். இளம் வியாபாரிகளே! தாடியையும் தொப்பியையும் கண்டு, இவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பி உங்கள் கடையேறி வருவோர் பலர். அவர்களில் பிற சமயச் சகோதரர்களும் உண்டு. ஒரு பேட்டரியின் குறையை மறைத்துச் சம்பாதிக்கும் சில நூறு ரூபாய்க்கு அந்த நம்பிக்கையை விற்றுவிடாதீர்கள். குறைகளை ஒரு தாளில் எழுதி, செல்பேசியோடு சேர்த்துக் கொடுங்கள். இன்று சிறிது லாபம் குறையலாம்; நாளை மஹ்ஷரில் கேள்வி கணக்கு இலேசாகும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் வாய்மையையும், செலவில் நடுநிலையையும், சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.