நடுக்குவாதமும் டாக்டர் கோட்சியாசும்
(சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போவது ஒரு வைத்தியரைப் பற்றியாகும். ராஜாக்களைப் பற்றியும் ரிஷிகளைப் பற்றியும் பேச நாட்டில் வேண்டிய பேர் இருக்கிறார்கள். நடுங்குகிற கையை நிறுத்தப் பாடுபட்டவரைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

நம் வீடுகளில் வயதானவர்களுக்குக் கை நடுங்கி, உடல் விறைத்து, எட்டெடுத்து வைக்க முடியாமல் போவதுண்டு. கேட்டால் மூப்பு என்பார்கள், தலையெழுத்து என்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இது ஒரு நோய் என்று லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பார்த்து 1817-லேயே எழுதிவைத்தார். ஆனால், மூளையில் என்ன குறைகிறது என்பது தெரிய 140 வருஷத்திற்கு மேலாயிற்று. 1960-ல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் என்ற இருவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, டோபமைன் என்னும் பொருள் அதில் மிகவும் குறைந்திருப்பதாகக் கண்டார்கள். டோபமைனையே கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. அதற்கு மூலமான டோபா புகும். அதைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தவர்களில் சிலர் குணம் என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள்.

இங்கேதான் டாக்டர் ஜார்ஜ் கோட்சியாஸ் வருகிறார். 1918-ல் கிரீட் தீவில் பிறந்தவர். ஜெர்மன் படை கிரீசில் புகுந்த 1941-ல் அமெரிக்கா போய், ஹார்வர்டில் வைத்தியப் பட்டம் பெற்று, பிறகு புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தார். சிலி தேசத்து மாங்கனீஸ் சுரங்கத் தொழிலாளிகளுக்கு இதே மாதிரி விறைப்பும் தள்ளாட்டமும் வருவதை ஆராய்ந்தார். அவர்களைப் பிடித்தது எந்தச் சனியனுமல்ல, சுரங்கத் தூசிதான்!

இந்நோயாளிகளின் மூளையில் கருநிறமான ஒரு பாகம் வெளுத்துப்போகிறது. அந்நிறத்தைத் திருப்பிக் கொடுத்தால் குணமாகுமென்று எண்ணி, நிறமுண்டாக்கும் மருந்தைக் கொடுத்தார். தோல்தான் கறுத்தது, நடுக்கம் அதிகமாயிற்று. வேறொன்று கொடுத்தார், அதிலும் மோசமே. ஒரு சாமியாராயிருந்தால் "உனக்குப் பக்தி போதாது" என்று நோயாளி தலையில் பழியைப் போட்டிருப்பார். கோட்சியாசோ தோல்வியைத் தோல்வியென்றே அச்சிட்டார். பிறகு டோபாவை வாய் வழியாய்க் கொஞ்சத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏற்றி, நாளொன்றுக்கு 16 கிராம் வரையில் கொடுத்தார். 16 நோயாளிகளுக்குக் கொடுத்த விவரத்தை 1967-ல் வெளியிட்டார். பாதிப்பேருக்கு நல்ல குணம்! சிலருக்கு ரத்தத்தில் கெடுதல் கண்டதையும் அவர் மறைக்கவில்லை. அதன் பிறகு கெடுதல் குறைந்த லெவோடோபாவுக்கு மாறினார். அதிலும் நோயாளிகளின் கைகால்கள் தாமே ஆடுவதுண்டு என்பதை 1969-ல் எழுதினார். அவ்வருஷமே லாஸ்கர் பரிசு பெற்றார், 1977-ல் இறந்தார்.

தோழர்களே! இம்மருந்து நோயை வேரோடு ஒழிப்பதில்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியாதவரை எழுந்து நடக்கச் செய்கிறது. இன்றும் இந்நோய்க்கு முக்கிய மருந்து இதுவே. தன் மருந்தின் குறையைத் தானே சொல்லுகிறவனை நம்பலாமா, எல்லா நோயும் தீருமென்று விபூதி கொடுக்கிறவனை நம்பலாமா? யோசித்துப் பாருங்கள். வீட்டிலே பெரியவர் கை நடுங்கினால், கயிறு கட்டுகிற காசை எடுத்துக்கொண்டு நரம்பு வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். இதுவே நான் கேட்டுக்கொள்வது.