படிப்பு வேறு, பதிவு வேறு

(திருகோணமலைக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களும், இம்மாவட்டத்தில் குடியேறி வாழும் மலையக உறவுகளும் கூடியிருந்த இடத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

கோணேசரைக் கும்பிட்டு, கன்னியாவில் வெந்நீர் குளிச்சிட்டு, இப்பதான் எல்லாரும் ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை நீண்ட நேரம் பிடித்து வைக்க மாட்டோம். ஆனால் பல தோட்டங்களில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். "பிள்ளை உயர்தரத்தில் சயன்ஸ் படிச்சிருக்கு. பார்மசி படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?" இதுதான் அந்தக் கேள்வி.

கேள்வி நல்ல கேள்வி. நம்ம பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தாண்டி யோசிக்கிறார்கள் என்றால் அது எமக்கெல்லாம் பெருமை. ஆனால் பதில் ஒரே வார்த்தையில் இல்லை. ஏனென்றால் மருந்தாளர் படிப்பும், மருந்தாளராக வேலை செய்யும் உரிமையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

முதலில் மருந்தாளர் என்றால் யார் என்று பார்ப்போம். தோட்டங்களில் நம்ம பாட்டன் பாட்டி காலத்தில் டிஸ்பென்சரியில் ஒரே ஆள்தான் இருந்தார். நாடி பார்த்தவரும் அவரே, மருந்து எழுதியவரும் அவரே, போத்தலில் ஊற்றிக் கொடுத்தவரும் அவரே. 1912ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காகச் சட்டம் வந்த பிறகும், நெடுங்காலம் நமக்குத் தெரிந்த முறை அதுதான். அதனால் மருந்து கொடுப்பது தனியாக ஒரு தொழில், அதற்குத் தனியாக ஒரு படிப்பு என்பது நம்ம ஆட்கள் பலருக்குப் புதுசு.

டொக்டர் எழுதுகிறார். எழுதியது அந்த வயதுக்கும் அந்த நிறைக்கும் பொருத்தமா, ஏற்கெனவே குடிக்கும் மருந்தோடு மோதுமா என்று இரண்டாவது கண்ணாகப் பார்ப்பவர்தான் மருந்தாளர். சீனி வியாதிக்கும் பிரசருக்கும் மருந்து எடுக்கிற அம்மாவுக்கு இன்னொரு மருந்து சேரும்போது அந்த இரண்டாவது கண் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். தவறினால் உயிர். அதனால்தான் எந்த நாட்டு அரசாங்கமும் "படித்தேன்" என்று சொல்வதை மட்டும் நம்பி இந்த வேலையைக் கொடுப்பதில்லை. பெயரை ஒரு பதிவேட்டில் எழுதிய பிறகுதான் கொடுக்கிறது.

இலங்கையில் அந்தப் பதிவேடு இலங்கை மருத்துவ சபையின் கையில் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அங்கே போய்ச் சேர நம்ம நாட்டில் மூன்று பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, பல்கலைக்கழகப் பட்டம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து, போதிய இசட் புள்ளி எடுத்தால் நான்கு வருடப் பார்மசிப் பட்டப் படிப்புக்குப் போகலாம். யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு உண்டு. படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆகவே பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்காகச் சுகாதார அமைச்சு ஆட்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் இரண்டு வருட டிப்ளோமா. இதற்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வர்த்தமானியைப் பார்க்கிற பழக்கம் நம்ம லயங்களில் குறைவு. தோட்ட நூலகத்திலோ பாடசாலையிலோ அதைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது, பதிவுபெற்ற ஒரு மருந்தாளரின் கீழ் பயிலுநராகச் சேர்ந்து வேலை பழகி, சிலோன் மெடிக்கல் காலேஜ் கவுன்சில் நடத்தும் பரீட்சையில் தேறுவது. டவுன்களில் உள்ள தனியார் பார்மசிகளில் இருக்கும் மருந்தாளர்களில் பலர் இந்தப் பாதையில் வந்தவர்கள்தான்.

பாதை மூன்று; வாசல் ஒன்று. எந்தப் பாதையில் வந்தாலும் மருத்துவ சபையில் பெயர் பதிந்தால்தான் மருந்தாளர். பார்மசியில் பத்து வருசம் மருந்து எடுத்துக் கொடுத்தவராக இருந்தாலும், பதிவு இல்லையென்றால் அவர் உதவியாளர். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பார்மசிக் கடைகளுக்கு உரிமம் கொடுக்கிறது. அந்தக் கடையில் பதிவுபெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே நீங்கள் டவுனில் மருந்து வாங்கும்போது, "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த ஊரிலேயே இன்னொரு வாசலையும் பார்க்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அதுவும் மருத்துவம்தான், அதிலும் மருந்து இருக்கிறது. ஆனால் அந்த வைத்தியர்களின் பதிவு ஆயுர்வேத மருத்துவச் சபையில் நடக்கிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே முறைக்கு முறை வாசல் வேறு என்றால், நாடு விட்டு நாடு போகும்போது கேட்கவா வேண்டும்?

இனி இந்தியாவுக்கு வருவோம். தமிழ்நாடு நமக்குப் பக்கம். மொழியும் நம்ம மொழி. நாம் மருந்தாளர் என்பதை அங்கே மருந்தாளுநர் என்பார்கள். அங்கே 1948ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம் நடக்கிறது. இந்தியப் பார்மசி கவுன்சில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள கவுன்சில் ஆட்களைப் பதிவு செய்கிறது. டி.பார்ம் என்ற டிப்ளோமா இரண்டு வருடம். அதன் பிறகு குறைந்தது 500 மணித்தியாலம் நேரடிப் பயிற்சி. பி.பார்ம் பட்டம் நான்கு வருடம். 2008இல் தொடங்கிய பார்ம்.டி படிப்பு ஆறு வருடம். டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் இன்னொரு தகுதிப் பரீட்சையும் எழுத வேண்டும் என்ற விதி 2022இல் வெளியானது.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனாரின் சேமலாப நிதிக் காசு, தாயாரின் சங்கிலி, தம்பியின் கொழும்புச் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு முகவரிடம் கொடுத்தார்கள். பிள்ளையும் போய் ஒழுங்காகப் படித்துப் பாஸ் பண்ணியது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்துக்கு இந்தியப் பார்மசி கவுன்சிலின் அங்கீகாரமே இல்லை என்று. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் இந்தியாவிலேயே பதிவு கிடையாது. அப்புறம் இங்கே எப்படிக் கேட்பது? சான்றிதழ் பிரேம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. பிள்ளை ஒரு கடையில் உதவியாளராக நிற்கிறது. பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்தாலும், இந்தியப் பதிவு இலங்கையில் தானாகச் செல்லுபடியாகாது. வெளிநாட்டுத் தகுதியை ஏற்பதா, எந்த நிபந்தனையோடு ஏற்பதா என்று முடிவு செய்வது நம்ம மருத்துவ சபை. முகவர் அல்ல.

தூர தேசங்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். நம்ம உறவுகள் பலர் அங்கே இருக்கிறார்கள் அல்லவா?

இங்கிலாந்தில் நான்கு வருட முதுமாணிப் பட்டம், பிறகு ஒரு வருடப் பயிற்சி, பிறகு பதிவுப் பரீட்சை. வெளியிலிருந்து போகும் மருந்தாளர் முதலில் ஒரு வருடம் அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் தனிப் பாடநெறி படித்து, அதன்மேல் அந்தப் பயிற்சியையும் பரீட்சையையும் முடிக்க வேண்டும். கனடாவில் தேசிய மட்டச் சபை ஒன்று சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பரீட்சை வைக்கிறது. அதன் பிறகு எந்த மாகாணத்தில் வேலையோ அந்த மாகாணத்தில் பதிவு. அவுஸ்திரேலியாவிலும் பரீட்சை, பிறகு மேற்பார்வையின் கீழ் பயிற்சி. வளைகுடா நாடுகளில் சான்றிதழ் உண்மையானதா என்று அதை வழங்கிய இடத்திலேயே விசாரித்து, கணினியில் பரீட்சையும் வைத்துத்தான் உரிமம் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் விதியைக் கேளுங்கள். 2003 ஜனவரி முதலாம் திகதிக்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டவர் ஐந்து வருடப் பார்மசிப் படிப்புப் படித்திருந்தால்தான் அவர்களுடைய தகுதிப் பரீட்சைக்கே அமரலாம். நம்ம பட்டமும் நான்கு வருடம், இந்தியாவின் பி.பார்மும் நான்கு வருடம். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் அந்த ஒரு வருடக் குறை வாசலிலேயே நிறுத்திவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் குறைந்தது ஐந்து வருடப் பயிற்சி என்று தங்களுக்குள் பொது அளவு வைத்திருக்கின்றன.

"மனுச உடம்பு எங்கேயும் ஒன்றுதானே, மருந்தும் ஒன்றுதானே, எதுக்கு இவ்வளவு சட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறோம். நாம் பனடோல் என்று வாங்குவது பரசிட்டமோல். அமெரிக்காவில் அதன் பெயர் அசிட்டமினோஃபென். இழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோலுக்கு அங்கே அல்பியூட்டரோல் என்று பெயர். பெயர் தெரியாதவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தடவை கொடுத்துவிடக் கூடும். சட்டமும் அப்படித்தான். கொடீன் கலந்த நோ மாத்திரையைக் குறைந்த அளவில் இங்கிலாந்தில் மருந்தாளரே விற்கலாம். அவுஸ்திரேலியாவில் 2018 பெப்ரவரி முதல் டொக்டரின் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. ஒரு நாட்டில் சரியான கை இன்னொரு நாட்டில் குற்றவாளிக் கையாகிவிடும்.

இந்தத் துறைமுகத்தைப் பாருங்கள். உலகமெல்லாம் சுற்றி வந்த கப்பல் கப்டன்கூட, இங்கே நுழையும்போது துறைமுகப் பைலட்டைக் கப்பலில் ஏற்றிக்கொள்கிறார். கப்டனுக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது என்பதற்காக அல்ல. இந்தத் தண்ணீரின் ஆழமும் பாறையும் இங்கே உள்ளவருக்குத்தான் தெரியும் என்பதற்காக. வெளிநாட்டு மருந்தாளருக்குப் பரீட்சை வைப்பதும் அந்தக் காரணத்துக்காகத்தான். நம்மை மட்டம் தட்டுவதற்காக என்று யாரும் மனம் நோக வேண்டாம்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு சதம் கட்டுவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. அந்தக் கல்லூரிக்கு அந்த நாட்டுப் பார்மசிச் சபையின் அங்கீகாரம் இருக்கிறதா? இந்தியா என்றால் இந்தியப் பார்மசி கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

2. கிடைப்பது பட்டமா, டிப்ளோமாவா, வெறும் பங்குபற்றிய சான்றிதழா? எத்தனை வருடம், எத்தனை மணித்தியாலப் பயிற்சி?

3. அதை வைத்து இலங்கையில் பதியலாமா? இதை மருத்துவ சபைக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

4. பிள்ளை வேறொரு நாட்டில் வேலை செய்ய நினைத்தால், அங்கே இன்னும் எத்தனை பரீட்சை, எத்தனை வருடம்?

5. பதிவு கிடைக்கும் நாள் வரைக்கும் மொத்தச் செலவு என்ன? வகுப்புக் கட்டணம் மட்டும் அல்ல. விசா, தங்குமிடம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து.

முகவர் "எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னால், "எந்தப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் வரும்?" என்று திரும்பிக் கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத வேண்டுமானால், உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதித் தருவது எமது கடமை. அதற்குக் காசு இல்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உள்நாட்டிலேயே மூன்று பாதைகள் திறந்திருக்கின்றன. முதலில் அவற்றைத் தட்டிப் பாருங்கள். இரசாயனவியலை விட்டுவிடாதீர்கள், ஆங்கிலத்தை ஒதுக்காதீர்கள். நம்ம டவுன் பார்மசியில் ஒரு கொழுந்தெடுக்கிற அம்மா வந்து நிற்கும்போது, சிங்களமும் ஆங்கிலமும் அச்சடித்த பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, இது சாப்பாட்டுக்குப் பிறகு, இது ராத்திரிக்கு மட்டும்" என்று தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு மருந்தாளர் வேண்டும். அந்த இடத்தில் நம்ம பிள்ளை நிற்க வேண்டும், பதிவோடு நிற்க வேண்டும்.